பிடிஎஸ் முடிச்சாச்சு, முதல் மூணு வருஷம் யார் பக்கத்துல நிக்கப் போறீங்க?

பிடிஎஸ்ங்கற பல் டாக்டர் படிப்புல இன்டர்ன்ஷிப் முடியுற சமயம் வந்தாலே தெரிஞ்ச பசங்க, சொந்தக்காரங்க வீட்டு பிள்ளைங்க, நம்மகிட்ட பல்லு காட்ட வர்றவங்களோட பொண்ணுன்னு யாராவது போன் பண்ணிடுவாங்க. டாக்டர் அடுத்து என்ன பண்றது, எம்டிஎஸ்ங்கற மேல்படிப்புக்கு படிக்கவா, கடன் வாங்கி கிளினிக் போட்டுடவா, துபாய் போகவா, இல்ல பேசாம ஆஸ்பத்திரி ரெக்கார்டுக்கு கோடு போடுற மெடிக்கல் கோடிங் வேலைல சேந்துடவான்னு ஒரே மூச்சுல கேப்பாங்க. நாலுமே நல்ல கேள்விதான், நாலுக்கும் பதில் இருக்கு. ஆனா நான் முதல்ல திருப்பி கேக்குறது வேற. இனிமே ரெண்டு மூணு வருஷம் நீங்க ஒரு பேஷண்ட் வாயில கை வைக்கும்போது பக்கத்துல நின்னு பாக்கப் போற சீனியர் யாரு? அந்த ஆள் கிடைச்சிட்டா மத்த நாலு கேள்விக்கும் அவசரமா பதில் தேட வேண்டியதில்ல. கிடைக்கலைன்னா எந்தப் பக்கம் போனாலும் தடுமாறுவீங்கங்கறது என்னோட உறுதியான கருத்து. ஏன் இப்படி சொல்றேன்னு புரியணும்னா நம்ம படிப்பு எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் பின்னாடி போய் பாக்கணும்.

நம்ம நாட்டுல முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920ல கல்கத்தாவுல டாக்டர் ஆர். அகமது ஆரம்பிச்சார். சென்னையில 1953ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜோட ஒரு பிரிவா பல் மருத்துவம் வந்துச்சு, அதுதான் இன்னைக்கு தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. அப்புறம் சிதம்பரம், இப்ப 2023ல இருந்து புதுக்கோட்டை. அரசு தரப்புல நம்ம மாநிலத்துல அவ்வளவுதான். மீதி எல்லாமே தனியார். நாடு முழுக்க இன்னைக்கு 300க்கு மேல காலேஜ் இருக்கு, வருஷத்துக்கு 25,000க்கு மேல பிடிஎஸ் சீட்டு, அதுல பெரும்பங்கு கர்நாடகா, தமிழ்நாடு, மகாராஷ்டிரா, கேரளான்னு சில மாநிலத்துலயே குவிஞ்சு கிடக்கு. அதனாலதான் சென்னையில ஒரு மெயின் ரோட்டுல நடந்தா மெடிக்கல் ஷாப்புக்கு அடுத்தபடியா டென்டல் போர்டுதான் கண்ணுல படுது, அதே சமயம் உள்ளடங்கின கிராமத்துல ஒரு ஆளு பல்லு வலிக்கு முப்பது கிலோமீட்டர் பஸ் ஏறி வர்றாரு.

காலேஜ் ஜாஸ்தி ஆனதால வந்த பெரிய பிரச்சினை வேலை கிடைக்காததுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அதை விட பெருசா தெரியறது, படிக்கும்போதே கைக்கு வேலை கிடைக்காததுதான். சிட்டிக்கு நடுவுல இருக்குற அரசு ஆஸ்பத்திரி ஓபில கூட்டம் அலை மோதும், அங்க இருக்குற ஸ்டூடண்ட்டுக்கு பல்லு புடுங்கி புடுங்கியே கை பழகிடும். ஊருக்கு வெளிய இருக்குற தனியார் காலேஜ் பலதுல அப்படி கிடையாது, கேம்ப் போட்டு பஸ் அனுப்பி பேஷண்ட்ட கூட்டிட்டு வரணும், ஒரு பேஷண்ட்டுக்கு நாலு பேர் காத்துக்கிட்டு நிப்பாங்க. இத்தனை கேஸ் செஞ்சாகணும்ங்கற கோட்டாவ முடிக்கணுமேன்னு கம்ப்ளீட் டென்ச்சர், அதாவது முழு பல்செட் கேசுக்கு வயசான தாத்தா பாட்டிய தேடி அலைஞ்சு, அவங்களுக்கு பஸ் காசு சாப்பாட்டு காசு எல்லாம் சொந்தக் கையில இருந்து குடுத்து கூட்டிட்டு வந்த கதை இல்லாத பிடிஎஸ் படிச்சவங்களே ரொம்ப கம்மி.

இதுல இன்னொரு விஷயம் பாருங்க. யுஜில, அதாவது பிடிஎஸ் படிக்கும்போது, ஆர்சிடின்னு (பல்லோட வேர்க்குழாய சுத்தம் பண்ணி அடைக்கிற சிகிச்சை) நம்ம செய்யுறது பெரும்பாலும் முன்பல்லு, ஒரே வேர், ஒரே கெனால், அதாவது ஒரே வேர்க்குழாய். கடவாப்பல்லு ஆர்சிடி எல்லாம் எம்டிஎஸ் படிக்கிறவங்க இருக்குற பிஜி டிபார்ட்மெண்ட்டுக்கு போயிடும், நம்ம எட்டி நின்னு பாத்திருப்போம். ஞானப்பல் சர்ஜரியும் அதே கதைதான், கன்னத்த விலக்கிப் பிடிக்கிற ரிட்ராக்டர் புடிச்சிருப்போம், அவ்வளவுதான். ஆனா வெளிய கிளினிக்குக்கு வர்ற வலி கேஸ்ல பெரும்பங்கு கடவாப்பல்லுதான். அதாவது பட்டம் கையில வர்ற அன்னைக்கு, தினமும் கேக்கப் போற வேலைய ஒருத்தர் தனியா முழுசா செஞ்சு முடிச்சிருக்கறது அபூர்வம். இது படிச்சவங்களோட குத்தம் கிடையாது, படிப்பு அப்படித்தான் அமைஞ்சிருக்கு. அந்த இடைவெளிய யாரோ ஒருத்தர் நிரப்பணும், சட்டப்படி அதுக்குன்னு யாரும் நியமிக்கப்படல. அதனால அந்த ஆள நீங்கதான் தேடிக்கணும்.

பக்கத்துல ஆள் நின்னா என்ன பெருசா மாறிடும்னு தோணலாம், ஒரு கீழ் கடவாப்பல்லு கேஸையே எடுத்துக்கலாம். நாப்பது வயசு அம்மா, ராத்திரி முழுக்க தூங்கல, 36ஆம் நம்பர் பல்லு, அதாவது இடது கீழ் முதல் கடவாப்பல்லு. 2 சதவீத லிக்னோகெயின் மரப்பு மருந்து 1:80,000 அட்ரினலினோட, அந்தப் பக்க கீழ் தாடை மரத்துப்போற பிளாக் ஊசி போட்டாச்சு. புதுசா வந்தவங்க மூணு நிமிஷத்துல டிரில் எடுத்துடுவாங்க, அந்தம்மா துள்ளும், இவங்களுக்கு கை நடுங்கும், அப்புறம் அந்த பேஷண்ட்டோட நம்பிக்கை திரும்ப வராது. சீனியர் என்ன பண்ணுவாரு, உதடு மரத்துப்போச்சா, பாதி உதடு கனமா இருக்கான்னு கேட்டு, ஆமான்னு சொன்னப்புறமும் இன்னும் கொஞ்சம் பொறுத்து, பல்லுல குளிர்ச்சி வச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுதான் ஆரம்பிப்பாரு. வீக்கத்தோட துடிக்கிற பல்லுல பிளாக் போட்டு உதடு மரத்தாலும் பல்லு மரக்காமலே இருக்கறது சகஜம்னு புக்குல ஒரு வரி இருக்கும், அது பேஷண்ட் முகத்துல எப்படி தெரியும்னு புக்குல இருக்காது.

அடுத்து ஆக்சஸ், அதாவது கெனாலுக்கு போக பல்லுல போடுற வழி. பயத்துல சின்னதா ஓட்டை போடுவாங்க, உள்ள மீசியல், அதாவது முன்பக்கத்து கெனால் தெரியாது, கெனால சுத்தம் பண்ற ஃபைல்ங்கற மெல்லிய கம்பி வளைஞ்சு வளைஞ்சு போகும். 10ஆம் நம்பர் ஃபைல் சுலபமா போய் வர்றதுக்கு முன்னாடியே மோட்டார்ல சுத்துற ரோட்டரி ஃபைல எடுத்துடுவாங்க, ஃபைல் உள்ளேயே உடையும். பக்கத்துல ஆள் இருந்தா உடையுறதுக்கு முன்னாடியே, கைய எடு, இன்னொரு தடவை மருந்து விட்டு கழுவி இர்ரிகேட் பண்ணு, திரும்ப சின்ன ஃபைல்ல போன்னு சொல்லிடுவாரு. கெனால் நீளத்த அளக்குற ஏபெக்ஸ் லொகேட்டர் மெஷின் ஒரு நீளம் காட்டும், எக்ஸ்ரே வேற மாதிரி சொல்லும், எதை நம்பறதுன்னு அந்த நேரத்துல முடிவு பண்ண கத்துக்குடுக்கறது ஒரு மனுஷனால மட்டும்தான் முடியும். மேல் கடவாப்பல்லு முதலாவதுல பாதிக்கு மேற்பட்ட பல்லுல மீசியல் பக்க வேர்ல ரெண்டாவதா ஒரு கெனால் ஒளிஞ்சிருக்கும், தேடுனாதான் கிடைக்கும், தேடணும்ங்கற பழக்கமே கூட இருக்கறவங்க தேடுறத பாத்துதான் வரும். எச்சில் படாம பல்ல தனியா பிரிச்சு வைக்கிற ரப்பர் ஷீட்டான ரப்பர் டேம் போடாம ஆர்சிடி பண்ற இடத்துல சேந்தீங்கன்னா நீங்களும் போட மாட்டீங்க, அஞ்சு வருஷம் கழிச்சு மாத்திக்கறது ரொம்ப கஷ்டம்.

அதனாலதான் முதல் வேலைய சம்பளத்த வச்சு தேர்ந்தெடுக்காதீங்கன்னு சொல்றேன். சம்பளம் முக்கியமில்லன்னு அர்த்தம் கிடையாது, லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டி படிச்சுட்டு சென்னையில பல இடத்துல மாசம் 15,000 சுத்தி குடுக்கறத பாத்தா வயிறு எரியத்தான் செய்யும், அஞ்சு வருஷம் படிச்ச டாக்டருக்கு இந்த சம்பளம் நியாயமே இல்ல. ஆனா அந்த 15,000க்கும் 20,000க்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்துக்காக, நாள் முழுக்க ஸ்கேலிங், அதாவது பல்லு கிளீனிங் மட்டும் பண்ண வைக்கிற இடத்துக்கு போயிட்டீங்கன்னா ரெண்டு வருஷம் கழிச்சும் அதே சம்பளத்துலதான் இருப்பீங்க. கம்மியா குடுத்தாலும் கேஸ் குடுக்குறவரு, செஞ்சத எக்ஸ்ரே போட்டு பாத்து பேசுறவரு கிடைச்சா அங்க போங்க. என்னைக் கேட்டா சிட்டிய விட தாலுகா ஊர் கிளினிக் நல்லது, ஒரே நாள்ல புடுங்குறது, அடைக்கிறது, செட்டு அளவு எடுக்கிறது, விழுந்து முன்பல்லு உடைஞ்ச ஸ்கூல் பையன்னு எல்லா வகையும் வரும்.

இன்டர்வியூக்கு போனா அவங்க உங்கள கேள்வி கேக்குற மாதிரி நீங்களும் அந்த இடத்த பாருங்க. ஸ்டெரிலைசேஷன் எங்க நடக்குதுன்னு காட்ட சொல்லுங்க. கருவிகள நீராவில கிருமி நீக்குற ஆட்டோகிளேவ் ஓடுதா இல்ல அது மேல பேப்பர் அடுக்கி வச்சிருக்காங்களா, கையில பிடிக்கிற டிரில்லான ஹேண்ட்பீஸ் எத்தனை இருக்கு, நாள் முழுக்க வர்ற பேஷண்ட்டுக்கு ரெண்டே ரெண்டு ஏரோட்டார் ஹேண்ட்பீஸ் இருந்தா நடுவுல எப்ப ஆட்டோகிளேவ் பண்றாங்கன்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். ஒரிஜினல் சர்டிபிகேட்ட குடுத்துட்டு போங்கன்னு கேட்டா எழுந்து வந்துடுங்க, எந்த கிளினிக்குக்கும் அத வாங்கி வச்சுக்க உரிமை இல்ல. மாசம் இத்தனை கேப், இத்தனை இம்ப்ளான்ட் பிடிக்கணும்னு டார்கெட் வைக்கிற இடம்னா ரொம்ப யோசிங்க, தேவையில்லாத பல்லுக்கு ஆர்சிடி சொல்ல வாய் பழகிட்டா உங்க கண்ணுக்கே எது சொத்தை எது கறைன்னு வித்தியாசம் தெரியாம போயிடும். பர்சன்டேஜ்ல பேசுனா லேப் பில்லு கழிச்சா கழிக்காமயா, பேஷண்ட் பாக்கி வச்சா யார் கணக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கங்க. பல இடத்துல கன்சல்டன்ட்னு போட்டு 10 சதவீதம் டிடிஎஸ்ன்னு வரிய முன்கூட்டியே பிடிச்சுட்டு குடுப்பாங்க, வருஷ வருமானம் வரி கட்டுற அளவுக்கு இல்லன்னா ரிட்டர்ன் போட்டா அந்தக் காசு திரும்ப வரும், நிறைய பேர் தெரியாம விட்டுடறாங்க.

எம்டிஎஸ் பத்தி. மொத்தம் 9 பிரிவு, 3 வருஷம். நீட் எம்டிஎஸ் நுழைவுத் தேர்வுல 240 கேள்வி, 3 மணி நேரம், சரியா எழுதுனா 4, தப்புக்கு ஒரு மார்க் போகும். எய்ம்ஸ் மாதிரி இடத்துக்கு ஐஎன்ஐ சிஇடின்னு தேர்வு தனி. 2023ல வந்த தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்துல, பழைய 1948 டென்டிஸ்ட்ஸ் ஆக்டுக்கு பதிலா வந்தது, எக்ஸிட் தேர்வு ஒண்ணையும் எழுதி வச்சிருக்காங்க, லைசென்ஸுக்கும் எம்டிஎஸ் அட்மிஷனுக்கும் அந்த மார்க்குதான்னு சட்டம் சொல்லுது. அதனால இப்ப படிக்கிற பசங்க ஃபைனல் இயர் பாடத்த சும்மா தள்ளிட்டு போக முடியாத காலம் வருது.

யார் எம்டிஎஸ் பண்ணணும்? ஒரு பிரிவு மேல உண்மையான ஆசை இருக்கறவங்க. அந்த ஆசை இன்டர்ன்ஷிப்ல ரெண்டு வார போஸ்டிங்ல வந்துடாது, வெளிய வந்து வேலை செஞ்சாதான், ஓ எனக்கு ரத்தம் பாத்தா பயம் இல்ல, சர்ஜரி செஞ்சா நேரம் போறதே தெரியலன்னோ, இல்ல சின்னப் பசங்க அழுதா எனக்கு எரிச்சல் வரல, பேசி உக்கார வைக்க முடியுதுன்னோ தெரியும். பல்லுக்கு கம்பி போடுற ஆர்த்தோவும் ஆர்சிடி பாக்குற எண்டோவும் காசு வரும்னு எல்லாரும் அதையே கேக்குறாங்க. நாள் முழுக்க குனிஞ்சு கெனால் தேடுறது எல்லாருக்கும் ஒத்து வராது. வாய் நோயியலான ஓரல் பேத்தாலஜி, பப்ளிக் ஹெல்த் எடுத்தா பெரும்பாலும் காலேஜ் வேலைய நம்பித்தான் இருக்கணும்ங்கறதையும் தெரிஞ்சு எடுங்க, பிடிச்சு எடுக்கறவங்களுக்கு அருமையான துறைங்க அதெல்லாம். தனியார் காலேஜ்ல மேனேஜ்மெண்ட் சீட்டுக்காக நிலத்த வித்து சேர்றதுக்கு முன்னாடி, அதே பிரிவுல முடிச்சு அஞ்சு வருஷம் ஆன ரெண்டு மூணு பேர் கிட்ட மாசம் என்ன வருதுன்னு நேரா கேட்டுடுங்க, சொல்லுவாங்க. வீட்டுல உக்காந்து ரெண்டு வருஷம் முழு நேரமா தேர்வுக்கு மட்டும் படிக்கறது எனக்கு பிடிக்காத யோசனை. காலையில படிச்சுட்டு சாயந்தரம் நாலு மணி நேரமாவது ஒரு கிளினிக்ல இருங்க, ஏன்னா கை விட்டுப்போச்சுன்னா திரும்ப பிடிக்க நேரமாகும், ரேங்க் வரலைன்னாலும் கையில ஒரு தொழில் இருக்கும்.

பொண்ணுங்களுக்கு இதுல தனியா ஒரு சுமை இருக்கு, அத பேசாம விடக்கூடாது. இன்னைக்கு டென்டல் கிளாஸ்ல பொண்ணுங்கதான் அதிகம். இன்டர்ன்ஷிப் முடியறதுக்குள்ள ஜாதகம் எடுத்துடறாங்க, கல்யாணம் ஆகி வேற ஊர், குழந்தை, நாலு வருஷம் ஓடிப்போயிடுது, அப்புறம் திரும்ப வரும்போது கை நடுங்குதுன்னு சொல்லி அப்படியே விட்டவங்க எத்தனையோ பேர். வீட்டுல சண்டை போடுங்கன்னு நான் சொல்லல. கல்யாணம் பேசும்போதே வாரத்துல இத்தனை நாள் கிளினிக் போவேன்னு வாயத் திறந்து சொல்லிடுங்க, போற ஊர்ல யார் கிளினிக்ல சேரலாம்னு முன்னாடியே விசாரிச்சு வைங்க. வேற மாநிலம்னா பல் மருத்துவக் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன அந்த மாநிலத்துக்கு மாத்தணும், அந்த வேலைய போன உடனே ஆரம்பிங்க. பெத்தவங்க இத படிச்சா அவங்களுக்கும் ஒரு வார்த்தை, பொண்ணோட முதல் மூணு வருஷ பிராக்டிஸ் அவ டிகிரியோட பாதி, அத முடிக்க விடுங்க.

சொந்த கிளினிக். பாஸ் ஆன மறு மாசமே அம்மா நகைய வச்சு கிளினிக் போட்டவங்கள பாத்திருக்கேன், சிலர் நல்லா வந்திருக்காங்க. ஆனா பலருக்கு முதல் வருஷம் வாடகை, கரண்ட் பில்லு, அசிஸ்டண்ட் சம்பளம், லோன் தவணைன்னு கழுத்த நெரிக்கும்போது, தெரியாத கேஸையும் விட மனசு வராம எடுத்து மாட்டிக்கறாங்க. அதுதான் இதுல இருக்குற நிஜமான ஆபத்து. தவணை கட்டணும்ங்கற பயத்துல ஒரு டாக்டர் எடுக்கற முடிவு பேஷண்ட்டுக்கு நல்லதா அமையறது கஷ்டம். ரெண்டு மூணு வருஷம் வேலை பாத்து, எந்த கேஸ் என்னால முடியும், எதுக்கு ஸ்பெஷலிஸ்ட்ட வரவழைக்கணும்னு தெளிஞ்சப்புறம் போட்டா பாதி பயம் போயிடும்.

போடும்போது சேர் செகண்ட் ஹேண்ட் வாங்கலாம் தப்பில்ல, ஆட்டோகிளேவ், கம்ப்ரஸர், அடைச்ச பொருள இறுக வைக்கிற லைட் க்யூர் இந்த மூணையும் புதுசா வாங்குங்க. டீலர் வந்து ஸ்கேனர், லேசர்னு காட்டுவாரு, முதல் வருஷம் எதுக்கும் தலையாட்டாதீங்க, அந்தக் காசுல ரெண்டு ஹேண்ட்பீஸ் அதிகமா வாங்கி வைங்க. பேப்பர் வேலைய தள்ளிப் போடாதீங்க. தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில்ல உங்க ரிஜிஸ்ட்ரேஷன் நடப்புல இருக்கணும். 1997 கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மெண்ட் சட்டம், அதுக்கு 2018ல விதிங்க வந்துச்சு, அதுப்படி மருத்துவப் பணிகள் இணை இயக்குநரோட ஜேடி ஆபீஸ்ல கிளினிக்க பதிவு பண்ணணும். எக்ஸ்ரே மெஷின் வச்சா அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட இலோரா போர்ட்டல்ல பதிவு. 2016 மருத்துவக் கழிவு விதிப்படி மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும், கழிவ எடுத்துட்டு போற ஏஜென்சியோட ஒப்பந்தமும் வேணும், ஊசி வெள்ளை டப்பாவுல, ரத்தம் பட்ட பஞ்சும் புடுங்குன பல்லும் மஞ்சள் கவர்ல, கிளவுஸ் சிவப்புல. பாதரசம் கலந்த அமால்கம் அடைச்ச பல்ல மட்டும் மஞ்சள் கவர்ல போடக்கூடாது, எரிச்சா பாதரசம் காத்துல கலந்துடும். வரிக்கு, வருமான வரி சட்டத்துல 44ஏடிஏன்னு எல்லா ஆடிட்டரும் சொல்ற முறை இருக்கு, வரவுல பாதிய லாபம்னு காட்டி வரி கட்டிடலாம், சின்ன கிளினிக்குக்கு அது பெரிய நிம்மதி. தினமும் வர்ற காசையும் வீட்டுக் காசையும் மட்டும் ஒரே அக்கவுண்ட்ல போடாதீங்க.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற இடம், பேஷண்ட்கிட்ட பேசுறது. காலேஜ்ல இதுக்கு ஒரு மணி நேரம் கூட ஒதுக்கறதில்ல. நம்ம ஊர்ல மேல் பல்லு புடுங்குனா கண்ணு போயிடும்னு நம்புற ஆளுங்க இன்னைக்கும் தினமும் வர்றாங்க, கிளீனிங் பண்ணா பல்லு ஆடிடும்னு நம்பறவங்க அதை விட அதிகம். புதுசா வந்த டாக்டர் சிரிச்சிடுவாங்க, இல்ல அதெல்லாம் மூடநம்பிக்கைன்னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. கிளீனிங் பண்ணா ஏன் ஆடுற மாதிரி இருக்குன்னு கண்ணாடிய கையில குடுத்து காட்டுங்க. இந்த கல்லு மாதிரி படிஞ்சிருக்கு பாருங்கம்மா, இது எலும்ப அரிச்சிடுச்சு, இப்ப பல்ல பிடிச்சு நிக்க வைக்கிற மாதிரி தெரியறது இந்த காரைதான், எடுத்தா கொஞ்ச நாள் கூச்சம், ஆட்டம் தெரியும், எடுக்கலைன்னா இருக்குற எலும்பும் போயிடும்னு சொன்னா புரியாத ஆளே கிடையாது. சொல்லி முடிச்சப்புறம் அவங்க வாயாலயே, அப்ப எனக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு திருப்பி சொல்ல வைங்க, எங்க புரியலன்னு உடனே தெரிஞ்சிடும்.

இன்னைக்கே புடுங்கிடுங்க டாக்டர், பஸ் கடைசி நாலு மணிக்குன்னு சொல்றவங்க கிட்ட அவசரப்படாம ஹிஸ்டரி எடுக்கறது ஒரு கலை. சுகர் இருக்கான்னு கேட்டா இல்லன்னு சொல்லுவாங்க, மாத்திரை என்ன சாப்பிடுறீங்க, பையில இருக்கறத காட்டுங்கன்னு கேட்டா மெட்ஃபார்மின் வெளிய வரும், கூடவே எக்கோஸ்ப்ரினும் வரும். எக்கோஸ்ப்ரின நிறுத்திட்டு வாங்கன்னு நீங்களா சொல்லிடாதீங்க, ஒரு பல்லுக்காக ரத்தத்த இளக வைக்கிற மாத்திரைய நிறுத்துனா ஹார்ட்டுக்கு வர்ற ஆபத்துதான் பெருசு, பெரும்பாலும் நிறுத்தாமலே புடுங்கி தையல் போட்டு அழுத்தி நிறுத்திடலாம், சந்தேகம்னா அவங்க ஹார்ட் டாக்டர் கிட்ட பேசுங்க. வயசான பொம்பளைங்க கிட்ட எலும்பு தேய்மானத்துக்கு வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கிறீங்களான்னு கட்டாயம் கேளுங்க, அந்த வகை மருந்து போட்டவங்களுக்கு பல்லு புடுங்குன இடத்துல தாடை எலும்பு ஆறாம செத்துப்போற வாய்ப்பு இருக்கு. அந்த ஊசிய பேஷண்ட் தானா சொல்லவே மாட்டாங்க, பல்லுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நினைப்பாங்க.

கூடவே ஒவ்வொரு வாயையும், பல்லுக்குத்தான் வந்திருந்தாலும், கன்னத்து உள்பக்கம், நாக்கு ரெண்டு ஓரம், நாக்குக்கு அடியில துணி வச்சு இழுத்து பாத்துடுங்க. நம்ம நாட்டு ஆம்பளைங்களுக்கு வர்ற புற்றுநோய்ல வாய் புற்றுநோய் முன்வரிசையில இருக்கு. குட்காவ தமிழ்நாட்டுல 2013லயே தடை பண்ணியாச்சு, ஆனா பாக்கெட் இன்னும் புழங்குது. லாரி டிரைவர், கொத்தனார் வேலை பாக்குறவங்க வாய் முழுசா திறக்க முடியலன்னு வருவாங்க, உள்ள வெள்ளையா, தோல் மாதிரி இறுகி இருக்கும். ரெண்டு வாரத்துல ஆறாத புண்ண பாத்தா மாத்திரை குடுத்து அனுப்பாம பயாப்ஸிக்கு அனுப்புங்க. ஒரு பல் டாக்டர் ஒரு மனுஷன் உயிர நேரடியா காப்பாத்தற இடம் இதுதான், பிடிஎஸ் மட்டும் படிச்சிருந்தாலும் போதும், எம்டிஎஸ் தேவையில்ல.

எழுதி வைக்கிற பழக்கமும் இங்கதான் வரணும். 1995ல உச்ச நீதிமன்றம் டாக்டர் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு தீர்ப்பு குடுத்துடுச்சு. கோர்ட்டுல கேஸ் வந்தா உங்க வார்த்தைக்கு மதிப்பு இல்ல, கேஸ் ஷீட்டுக்குத்தான். கன்சென்ட் ஃபார்ம தமிழ்ல அடிச்சு வைங்க, இங்கிலீஷ் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி அந்த அம்மாவுக்கு என்ன புரிஞ்சிருக்கும்? ஃபைல் உடைஞ்சா, வேர் நுனி உள்ள நின்னுட்டா அன்னைக்கே பேஷண்ட் கிட்ட சொல்லி, சொன்னதையும் எழுதி வைங்க. மறைச்சா இன்னொரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து சொல்லுவாரு, அப்ப வர்ற கோவம் வேற மாதிரி இருக்கும். அப்படி கேஸ் வந்தா இழப்பீட்ட பாத்துக்கற இண்டெம்னிட்டி இன்சூரன்ஸ் முதல் வருஷமே எடுத்துடுங்க.

உடம்ப பத்தி இருபத்தி மூணு வயசுல சொன்னா யாரும் கேக்கறதில்ல, இருந்தாலும் சொல்றேன். கழுத்தும் இடுப்பும்தான் இந்த தொழில்ல முதல்ல போறது. பேஷண்ட் தலைய திருப்புங்க, சேர சாய்ங்க, ஸ்டூல ஏத்தி இறக்குங்க, நீங்க வளையாதீங்க. முடிஞ்சா முதல் சேமிப்புல கண்ணுல மாட்டுற பூதக்கண்ணாடியான லூப்ஸ் ஒண்ணு வாங்குங்க, வேலையும் சுத்தமா வரும், கழுத்தும் நேரா நிக்கும். ஹெபடைடிஸ் பி ஊசி 0, 1, 6 மாசம்னு மூணும் போட்டு முடிச்சீங்களா, டைட்டர், அதாவது எதிர்ப்பு சக்தி அளவு 10க்கு மேல இருக்கான்னு ரத்தம் டெஸ்ட் பண்ணி பாத்தீங்களா? ஊசி குத்திடுச்சுன்னா வெக்கப்படாம உடனே கழுவிட்டு, கூடிய சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரில எச்ஐவி மருந்து குடுக்குற ஏஆர்டி சென்டருக்கு போயிடுங்க, தேவைப்பட்டா 28 நாள் மாத்திரை இலவசமாவே குடுப்பாங்க.

மனசு விஷயமும் இருக்கு. கூட பிளஸ் டூ படிச்சவன் ஐடில கார் வாங்கிட்டான், எம்பிபிஎஸ் ஃப்ரெண்ட்ட எல்லாரும் டாக்டர்னு கூப்பிடுறாங்க, நம்மள மட்டும் பல் டாக்டர்னு சொல்றாங்கன்னு ராத்திரி தூக்கம் வராம கிடக்குற பசங்க நிறைய பேர். முதல் மூணு வருஷம் காசு வராத தொழில் இது, அது உங்க திறமைக்கு யாரும் போட்ட மார்க் கிடையாது. தனியா கிடந்து புழுங்காம பேட்ச் ஆளுங்களோட பேசுங்க, இந்திய பல் மருத்துவ சங்கத்தோட (ஐடிஏ) கிளை மீட்டிங்குக்கு போங்க, அங்க வர்ற பெரியவங்க எல்லாரும் இதே வழியாத்தான் வந்திருப்பாங்க.

வெளிநாடு பத்தி சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்கான்னா ஐஎன்பிடிஇ தேர்வு, அப்புறம் வெளிநாட்டுல படிச்சவங்கள நடு வருஷத்துல சேக்குற அட்வான்ஸ்ட் ஸ்டாண்டிங்ல திரும்ப ரெண்டு மூணு வருஷம் காலேஜ், ஃபீஸ் கோடிக்கணக்குல. இங்கிலாந்துல ஓஆர்இ தேர்வு ரெண்டு பார்ட், இல்லன்னா எல்டிஎஸ் தேர்வு. அங்க தேர்வுக்கு சீட் கிடைக்கறதே பெரும் பாடு. ஆஸ்திரேலியாவுல ஏடிசி தேர்வு, எழுத்துத் தேர்வ இங்கயே எழுதலாம், பிராக்டிகலுக்கு மெல்போர்ன் போகணும், அங்க நிஜ பேஷண்ட் கிடையாது, மாடல் பல்லுல உங்க ப்ரிபரேஷன, அதாவது நீங்க செதுக்குனத, மில்லிமீட்டர் கணக்குல அளப்பாங்க. துபாய் பக்கம் தேர்வு சுலபம், ஆனா அனுபவ சான்றிதழ் கேப்பாங்க. எந்த நாடா இருந்தாலும் கடைசியில கை வேலையத்தான் பாக்குறாங்க, அதனால மறுபடி அந்த சீனியர் கிட்டயே வந்து நிக்கறோம். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தோட (எம்ஆர்பி) நோட்டிபிகேஷன பாத்துக்கிட்டே இருங்க, இடம் கம்மி, போட்டி அதிகம். ஆர்மி டென்டல் கோர்ல கேப்டனா சேரலாம், அதுக்கு நீட் எம்டிஎஸ் மார்க் வேணும்ங்கறது பல பேருக்கு தெரியறதில்ல. கோடிங், மருந்து பக்கவிளைவ கண்காணிக்கிற ஃபார்மகோவிஜிலன்ஸ், ஹாஸ்பிட்டல் அட்மின் பக்கம் போறவங்க தோத்துப் போனவங்க கிடையாது, வாய்க்குள்ள கை வைக்கிற வேலை பிடிக்கலைன்னா இருபத்தி நாலு வயசுல மாறறது நாப்பதுல மாறறத விட எவ்வளவோ நல்லது. ஆனா பிடிக்கலையா, இல்ல கத்துக்குடுக்க ஆள் இல்லாம பயமா இருக்கான்னு பிரிச்சு பாத்துட்டு போங்க, நிறைய பேர் விஷயத்துல ரெண்டாவதுதான் உண்மை.

சரி, அந்த சீனியர எங்க போய் தேடுறது? போர்டுல இருக்குற டிகிரிய வச்சோ, இன்ஸ்டாகிராம்ல இருக்குற ஃபோட்டோவ வச்சோ கண்டுபிடிக்க முடியாது. உங்க ஊர்ல இருக்குற டென்டல் லேபுக்கு போங்க. அங்க தினமும் எல்லா கிளினிக்ல இருந்தும் அளவு வருது, யாரோட ப்ரிபரேஷன்ல மார்ஜின், அதாவது செதுக்குன ஓரம் சுத்தமா தெரியுது, யாரு இம்ப்ரெஷன் சரியில்லன்னா திரும்ப எடுத்து அனுப்புறாங்க, யாரு எப்படியாவது கேப்ப ஒட்டவச்சு குடுப்பான்னு கேக்குறாங்கன்னு அந்த டெக்னீஷியனுக்கு அத்தனையும் தெரியும். அண்ணே உங்க வீட்டு ஆளுங்களுக்கு பல்லு வலின்னா யார்கிட்ட அனுப்புவீங்கன்னு கேளுங்க. அவரு சொல்ற பேர குறிச்சுக்கிட்டு, சம்பளம் பேசாம முதல்ல ஒரு வாரம் வந்து நின்னு பாக்கட்டுமா டாக்டர்னு அந்த கிளினிக்ல போய் கேளுங்க. நல்ல டாக்டருங்க இதுக்கு பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாங்க, அந்த ஒரு வாரத்துல அவரு ரப்பர் டேம் போடுறாரா, பேஷண்ட்டுக்கு எப்படி புரிய வைக்கிறாரு, அசிஸ்டண்ட் பொண்ண எப்படி நடத்துறாரு, ஒரு கேஸ் சரியா வராதப்ப என்ன பண்றாருங்கறது எல்லாத்தையும் நீங்களே கண்ணால பாத்துடலாம்.